செல்லக்கா என்று யாரும் இல்லை

அத்தியாயம் 5

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மரியசெல்வம் காதிலிருந்து இயர்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தேன் மேடம். பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட வீட்டுக் கதைய ஒண்ணு விடாம சொல்றவங்களப் பாத்திருக்கேன். பொடிக் கடைகிட்ட சொல்றவங்கள இப்பத்தான் பாக்குறேன்."

எதிரே உட்கார்ந்திருந்த அன்புமொழி சிரிக்கவில்லை. பதினான்கு வருடம் இன்சூரன்ஸ் க்ளெய்ம்களை விசாரித்தவள் அவள். அந்த வேலையை விட்டுவிட்டு, புதுக்கோட்டை வடக்கு ராஜ வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இந்தத் துப்பறியும் அலுவலகத்தைத் திறந்து மூன்று வருடம் ஆகிறது. மரியசெல்வம் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வேலை கேட்டு வந்த அன்று, சில்லறை இல்லை என்று பொய் சொல்கிறவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்ற ஒரே தகுதியைத்தான் சொன்னார். அன்புமொழிக்கு அது போதுமானதாக இருந்தது.

மேஜைமேல் கிடந்த போன் செவந்தியுடையது. செவந்திக்கு அறுபத்தொரு வயது. கீரனூரில் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து நான்கு வருடம். வீட்டில் அவரும் ஒரே மகள் பிரகதீஸ்வரியும் மட்டும்தான். புதன்கிழமை காலை மகள் வேலைக்குப் போன பிறகு, இரண்டு சேலையையும் மாத்திரைகளையும் பையில் போட்டுக்கொண்டு, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பியவர் திரும்பவில்லை. போனை டிவி மேலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

நேற்று மாலை பிரகதீஸ்வரி இதையெல்லாம் சொன்னபோது அவள் கை துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. திருச்சியில் ஒரு கம்பெனியில் கஸ்டமர் சர்வீஸ் வேலை, தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன் என்றாள். அம்மாவோடு சண்டை எதுவும் இல்லை. மூன்று மாதம் முன்பு அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோதுகூட இரண்டு நாள் லீவு போட்டுக் கூடவே இருந்தாளாம். போலீசுக்குப் போனால் தெருவே பேசும் என்று பயந்தாள். அம்மாவின் போனைத் தான் திறந்துகூடப் பார்க்கவில்லை, அது தப்பு, நீங்கள் பாருங்கள் என்று நீட்டிவிட்டுப் போனாள்.

போனில் உயிரோடு இருந்தது ஒரே ஒரு வாட்ஸ்அப் உரையாடல். மறுமுனையில் இருந்தது 'செல்லக்கா பொடி வகைகள்' என்ற புதுக்கோட்டைக் கடை. பொட்டு வைத்த ஒரு நடுத்தர வயதுப் பெண் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மாதமாக, ஞாயிற்றுக்கிழமை தவிர, இருவரும் பேசாத நாள் அபூர்வம். செவந்திக்குத் தட்டச்சு வராது. குரல் பதிவாகவே அனுப்பியிருந்தார். இன்றைக்கு என்ன குழம்பு, முட்டி எப்படி வலித்தது, சீரியலில் யார் செத்தது, எல்லாம். செல்லக்கா எழுத்தில் பதில் சொன்னாள். பேச்சு முடியும் இடத்தில் ஒரு பொடியின் படம் வந்து நின்றது. முட்டி வலி என்றால் முடக்கத்தான். தூக்கம் வரவில்லை என்றால் வேறொன்று. செவந்தி எல்லாவற்றையும் வாங்கியிருந்தார்.

"இந்தம்மா எத்தனையோ தடவ கெஞ்சுறாங்க மேடம், ஒன் கொரல ஒரு தடவ கேக்கணும்னு. செல்லக்கா ஒரு தடவகூட அனுப்பல. வேலை இருக்குக்கா, தொண்ட கட்டியிருக்குக்கா, இப்படியே ஓட்டியிருக்கா. பதினோரு மாசமா தொண்ட கட்டியிருக்குன்னா மொதல்ல அவ அந்தப் பொடியச் சாப்பிடணும்."

அன்புமொழிக்கு வேறொரு பயம் இருந்தது. பகலில் தனியாக இருக்கும் ஒரு பெண்மணி, தான் எப்போது தனியாக இருப்பேன் என்பது உட்பட எல்லாவற்றையும் முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒருத்தி யார் என்று தெரியாமல் மற்ற எதையும் தேடுவதில் பயனில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அதே சமயம், அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து துணிகளைக் கலைப்பது போன்ற ஒரு கூச்சமும் காலையிலிருந்து அவளை விடவில்லை.

மரியசெல்வம் செய்திகள் வந்த நேரங்களை ஒரு தாளில் குறித்து வைத்திருந்தார். செல்லக்கா முக்கியமாகப் பேசுவது காலை ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால் வரை, பிறகு மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை. இடையில் எப்போதாவது ஒன்றிரண்டு. காலையில் முதல் இருபது நிமிடம் 'சரிக்கா', 'ம்', ஒரு பூ, ஒரு கும்பிடு. அதற்குப் பிறகு பத்தி பத்தியாக வரும். மாலையில் தொடக்கத்திலிருந்தே நீளமாக எழுதி ஏழரைக்குச் சட்டென்று நின்றுவிடும்.

"இது என் சப்ஜெக்ட் மேடம்," என்றார் அவர். "திருச்சி பஸ்ல கீரனூர்ல ஏறுறா. சீட்டு கெடையாது. ஒரு கையில கம்பி, ஒரு கையில போன். அப்ப ஒரு வார்த்தைதான் அடிக்க முடியும். அங்கேர்ந்து இருபது நிமிஷத்துல மாத்தூர். அங்க கம்பெனி ஆளுங்க எறங்குவாங்க. சீட்டு காலி. அப்புறம் ரெண்டு கையாலயும் அடிக்கிறா. சாயங்காலம் திருச்சி ஸ்டாண்டுலயே ஏறுறதால மொதல்லயே சீட்டு. ஏழரைக்கு எறங்கிருவா. செல்லக்கா கீரனூர்க்காரி."

அன்புமொழி எழுந்து கைப்பையை எடுத்தாள். செவந்தியின் ஊரிலேயே இருக்கிறவள் என்றால் பயம் இரண்டு மடங்காகிறது.

கடை திருக்கோகர்ணத்துப் பக்கம் இருந்தது. பின்னால் அரவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, முன்னால் இரண்டு பெண்கள் பாக்கெட்டுகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர் குழந்தைசாமி மல்லித்தூள் படிந்த புருவத்தோடு வந்து நின்றார். செல்லக்காவைப் பார்க்க வேண்டும் என்று அன்புமொழி சொன்னதும் அவர் பார்வை தரைக்குப் போனது.

அப்படி யாரும் இல்லை என்றார். பாக்கெட்டில் இருக்கிற முகம் கம்ப்யூட்டர் வரைந்தது. விளம்பரத்தை எல்லாம் திருச்சியில் ஒரு கம்பெனி பார்த்துக்கொள்கிறது. கடையிடம் யாரும் பேச மாட்டார்கள், ஒரு அக்காவிடம் பேசுவார்கள் என்று அந்தக் கம்பெனிக்காரர்கள்தான் சொன்னார்களாம். சொன்னபடியே விற்பனை மூன்று மடங்கானது.

"ஆனா சங்கடமாத்தான் இருக்குங்க," என்று அவர் தானாகவே தொடர்ந்தார். "பொன்னமராவதியிலேர்ந்து ஒரு அம்மா முருங்கைக்காய் கட்டு எடுத்துக்கிட்டு வந்துட்டாங்க, செல்லக்காவுக்குன்னு. ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வாங்கி வச்சேன். அதக் கொழம்பு வச்சப்ப எறங்கல."

"அதான் செமிக்கிற பொடி வச்சிருக்கீங்களே," என்றார் மரியசெல்வம்.

செவந்தியின் படத்தைக் காட்டியதும் குழந்தைசாமி அடையாளம் தெரிந்துகொண்டார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தார்களாம். மற்றவர்களைப் போல செல்லக்கா எங்கே என்று கேட்கவில்லை. செல்லக்கா பெயரில் மெசேஜ் அடிப்பது எந்த ஊரில் என்று கேட்டார்களாம். திருச்சி என்றதும், அது ஆணா பெண்ணா என்று கேட்டார்கள். ஒரு தடவை போனில் பேசியது பெண் குரல்தான், பெயர் தெரியாது என்று இவர் சொன்னார். செவந்தி கொஞ்ச நேரம் அந்தப் பாக்கெட் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, எதுவும் வாங்காமல் போய்விட்டார்.

இருவரும் கடையை விட்டு இறங்கும்போது பிரகதீஸ்வரி அழைத்தாள். எங்கே இருக்கிறார்கள் என்பதை அன்புமொழி சொன்னதும் அவள் குரல் அவசரமானது. கடையில் நேரத்தைப் போக்க வேண்டாம் என்றாள். அந்த வாய்ஸ் மெசேஜ்களிலேயே அம்மா ஏதாவது ஒரு ஊரை, பழைய சிநேகிதி யாரையாவது சொல்லியிருப்பார், அதைத் தேடுங்கள் என்றாள்.

அன்புமொழி போனை வைத்துவிட்டுத் தெருவோரமாகவே நின்றாள்.

"அம்மா போனத் தொறந்தே பாக்கலன்னு சொன்ன பொண்ணுண்ணே," என்றாள். "அதுல வாய்ஸ் மெசேஜா இருக்குன்னு இவளுக்கு எப்படித் தெரியும்?"

மரியசெல்வம் செவந்தியின் போனை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் மூன்று மாதம் பின்னால் தள்ளினாள். தொடர்ச்சியாக இரண்டு நாள் இருபக்கமும் மௌனம். மூன்றாம் நாள் காலை எட்டே காலுக்குச் செல்லக்கா கேட்டிருந்தாள்: 'கண்ணுக் கட்டு அவுத்தாச்சாக்கா? வெளிச்சத்தப் பாத்துக் கூசுதா?' அன்புமொழி அதற்கு முந்தைய இரண்டு வாரப் பதிவுகளையும் அங்கேயே ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆபரேஷனைப் பற்றிச் செவந்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. செல்லக்காவின் கேள்விக்கு அவர் அனுப்பிய பதிலில் குரல் பூரித்திருந்தது. "அடியே, ஒனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னேனா? மறந்து தொலைச்சிருக்கேன் பாரு."

சொல்லாத ஆபரேஷன் தெரிந்தவள், அதே இரண்டு நாள் லீவில் இருந்தவள், கீரனூரில் பஸ் ஏறுகிறவள், குரலை மட்டும் காட்டாதவள்.

மரியசெல்வம் தொண்டையைக் கனைத்தார். "நம்மள வேலைக்கு வச்ச ஆளையே புடிச்சுக் கொடுத்துட்டோம் மேடம். இனி ரெண்டாவது கேஸ் வந்த மாதிரிதான்."

பிரகதீஸ்வரி மூன்று மணிக்கு அலுவலகத்துக்கு வந்தாள். அதற்குள் மரியசெல்வம் இன்னொரு பதிவைக் கண்டுபிடித்திருந்தார். எட்டு மாதம் முன்பு செவந்தி சொன்னது. தனக்கு வெறுத்துப் போனால் விராலிமலைக்குப் போய்விடுவாராம். அங்கே பைபாஸ் ஓரம் இட்லிக் கடை போட்டிருக்கும் இருளாயி, சத்துணவுக் கூடத்தில் கூடச் சமைத்தவள். இதை மகளிடம்கூடச் சொன்னதில்லை என்று சிரித்திருந்தார்.

அந்தப் பதிவை அன்புமொழி ஓடவிட்டாள். பிரகதீஸ்வரி பாதியிலேயே முகத்தை மூடிக்கொண்டாள்.

"இந்த எடம் ஒங்களுக்கு எட்டு மாசமாத் தெரியும்," என்றாள் அன்புமொழி. "புதன்கிழமை ராத்திரியே போயிருக்கலாம். போனா, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு அம்மா கேப்பாங்க. அதுக்குத்தான் எங்கள வச்சீங்க. டிடெக்டிவ் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்லிக்கலாம்."

அவள் மறுக்கவில்லை. அழுது முடித்த பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். செல்லக்காவை நடத்தும் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. நானூறு பேர் பட்டியலை அவளிடம் கொடுத்தபோது அதில் அம்மாவின் எண்ணும் இருந்தது. எல்லோருக்கும் போகிற வணக்கச் செய்திதான் அம்மாவுக்கும் போனது. பதிலுக்கு அம்மா, 'நீ நல்லா இருக்கியா தாயி, சாப்ட்டியா' என்று கேட்டார். பட்டியலில் இருந்த வேறு யாரும் அப்படிக் கேட்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய், அது நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டில் இருவருக்கும் சாப்பாடு, சிலிண்டர், கரண்ட் பில் தவிரப் பேச்சு கிடையாது. பஸ்ஸில் செல்லக்காவாக உட்கார்ந்தால் அம்மா வாய் ஓயாமல் பேசினார். அதே அம்மா எட்டு மணிக்குத் தட்டை வைத்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்வார்.

"அதோட பொடியும் வித்தேன் மேடம். நீளமாப் பேசி விக்கிறவங்க பேர ஆபீஸ் போர்டுல மொதல்ல போடுவாங்க. மூணு மாசம் என் பேருதான். வீட்ல கட்டிலுக்கு அடியில பாத்தா அம்மா ஒரு பாக்கெட்டக்கூடப் பிரிக்கல."

திங்கட்கிழமை நடந்ததையும் சொன்னாள். ஒரே போனில் இரண்டு வாட்ஸ்அப். 'அம்மா, சிலிண்டர் வந்தா நான் வந்து மாட்டிக்கிறேன், நீ தூக்காத' என்று தன் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டியதைச் செல்லக்கா கணக்கிலிருந்து அனுப்பிவிட்டாள். ஒரு நிமிடத்தில் அழித்துவிட்டு, சரியான கணக்கிலிருந்து மறுபடி அனுப்பினாள். அம்மா கவனித்திருக்க மாட்டார் என்று நம்பிக்கொண்டாள்.

கவனித்துவிட்டுத்தான் செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனார் என்பதை அன்புமொழி சொன்னாள். செவந்தி செல்லக்காவைத் தேடிப் போகவில்லை. தன் மகள்தானா என்று உறுதி செய்துகொள்ளப் போனார்.

பிரகதீஸ்வரியின் திட்டம் முழுவதும் அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்பதன் மேல்தான் நின்றிருந்தது.

இன்னும் ஒன்றை மட்டும் அன்புமொழி கேட்க வேண்டியிருந்தது. பதினோரு மாதத்தில் ஒரே ஒரு நாள் செல்லக்கா எந்தப் பொடியையும் விற்கவில்லை. அன்றைய பதிவை அவள் கேட்டிருந்தாள். கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று மகளுக்கு ஏழு தடவை போன் அடித்ததையும், அவள் எடுக்காததையும், சைலன்ட்டில் இருந்தது என்று பிறகு சொன்னதையும் செவந்தி விவரித்திருந்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைத் தன்னால் மன்னிக்க முடியவில்லை, அதற்குத் தனக்கே வெட்கமாக இருக்கிறது என்றும் சொல்லியிருந்தார். நாற்பது நிமிடம் கழித்துச் செல்லக்கா ஒரே வரி எழுதியிருந்தாள்: 'அவளும் மறந்திருக்க மாட்டாக்கா.'

"அதக் கேட்டப்ப எங்க இருந்தீங்க?"

"மாத்தூர் தாண்டி, சீட்டுல," என்றாள் பிரகதீஸ்வரி.

மரியசெல்வம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விராலிமலைக்குத் தங்களால் தூது போக முடியாது, வேண்டுமானால் கூட வருகிறோம் என்று அன்புமொழி சொல்லிவிட்டாள். மூவரும் இலுப்பூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். மரியசெல்வம் மூன்று டிக்கெட் எடுத்தார்.

இருளாயியின் கடை தகரக் கூரை போட்டது. மாலை வியாபாரத்துக்குச் செவந்தி மாவு கலக்கிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தார். இருளாயி ஒரு பார்வையிலேயே புரிந்துகொண்டு, வந்த இரண்டு லாரிக்காரர்களை அங்கிட்டு உட்காரச் சொல்லி அழைத்துப் போனாள். அன்புமொழியும் மரியசெல்வமும் தள்ளி நின்றாலும் பேச்சு காதில் விழுந்தது.

பிரகதீஸ்வரி முதலில் சொன்னது தன்னை மன்னிக்கச் சொல்லி. செவந்தி அதைக் கேட்டதாகவே காட்டவில்லை.

"நான் ஒன் மேல கோவிச்சுக்கிட்டு வரல," என்றார். "அவகிட்ட ஒன்னப் பத்தி என்னென்னமோ சொல்லிருக்கேன். அம்புட்டையும் நீ காதுல வாங்கிட்டு வந்து, நான் போட்ட சோத்தத் தின்னுருக்க. அப்புறம் எந்த மொகத்த வச்சுக்கிட்டு நான் அந்த வீட்ல இருக்கிறது? போன ஏன் வச்சுட்டு வந்தேன்னு நெனைக்கிற? கையில இருந்தா மறுபடி செல்லக்காவுக்குப் பேசிருவேன். நீதான்னு தெரிஞ்சும் பேசிருவேன்."

பிரகதீஸ்வரி பெஞ்சில் உட்காரவில்லை. நின்றபடியே இருந்தாள். லாரிகள் போகிற சத்தத்தில் அவள் அடுத்துச் சொன்னது முதலில் அன்புமொழிக்குச் சரியாகக் கேட்கவில்லை. செவந்திக்கும் கேட்கவில்லை போலும். என்ன என்றார்.

"போன் சைலன்ட்ல இல்லம்மா. அப்பா செத்த அன்னைக்கு. ஒன் பேரப் பாத்தேன். ஏழு தடவையும் பாத்தேன். சும்மா எதையாவது பேசக் கூப்புடுறன்னு நெனச்சு எடுக்கல. சைலன்ட்ல இருந்துச்சுன்னு பொய் சொன்னேன். செல்லக்காவா இருந்தப்பக்கூட ஒங்கிட்ட இத எழுதல."

இது எந்தப் பதிவிலும் இல்லாத செய்தி. அன்புமொழிக்கும் தெரியாது. காலையிலிருந்து எல்லாத் துப்பையும் அடுக்கிக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்த அவளுக்கு, இதை நின்று கேட்க நமக்கு என்ன உரிமை என்று தோன்றியது. மரியசெல்வத்தின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்கள். செவந்தி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். பிரகதீஸ்வரி அவர் எதிரில் தரையைப் பார்த்து நின்றாள். இருளாயி வந்து அடுப்பைத் தணித்துவிட்டுப் போனாள்.

இருட்டத் தொடங்கியபோது புதுக்கோட்டை பஸ் வந்தது. பிரகதீஸ்வரியோடு செவந்தியும் சாலை வரை நடந்து வந்தார். கையில் பை இல்லை. அம்மா வரவில்லையா என்று அன்புமொழி கேட்க நினைத்து நிறுத்திக்கொண்டாள். செவந்தியே மகளைப் பார்த்துச் சொன்னார்.

"இன்னைக்கு என்னால ஒன்கூட வர முடியாது. நாளைக்கு வா. நாளைக்கும் முடியாதுன்னு சொன்னா, மறுநாளும் வா."

பிரகதீஸ்வரி தலையாட்டிவிட்டு ஏறினாள். பஸ்ஸில் மரியசெல்வம் பழக்கத்தில் எல்லா சீட்டையும் ஒரு தடவை எண்ணிவிட்டு அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். வேலையை என்ன செய்யப்போகிறாய் என்று அவர் கேட்டதற்கு, முதலில் அந்த நானூறு பேருக்கும் செல்லக்கா இல்லை என்று எழுத வேண்டும், எழுதினால் கம்பெனியே வெளியே அனுப்பிவிடும் என்றாள். அப்படியே நடந்தது.

அவள் ஐந்து நாள் தொடர்ந்து விராலிமலைக்குப் போய்த் தனியாகத் திரும்பினாள். ஆறாவது நாள் அவள் போய்ச் சேர்ந்தபோது, செவந்தி சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.